ஜனவரியில் ஊட்டி: ஸ்லீப்பர் பெட்டியில் நால்வர் போய்வரலாமா?

கேள்வி: நாங்கள் சென்னையில் வசிக்கிறோம். நான், கணவர், 9 வயது மகள், 67 வயது மாமியார் ஆகிய நால்வரும் இந்தக் குளிர்காலத்தில் ஊட்டிக்குப் போய்வர நினைக்கிறோம். மொத்தச் செலவு 16,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பதால் ஸ்லீப்பர் வகுப்பில் போகலாம் என்று இருக்கிறோம். மூட்டுவலி உள்ள மாமியாருக்கு அது ஒத்துவருமா? மலை ரயிலில் ஏற வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. உறைபனியைப் பார்க்க வேண்டும் என்பது மகளின் ஆசை. எப்போது, எப்படிப் புறப்படுவது?

பதில்: போய்வரலாம். நீங்கள் சொன்ன தொகைக்குள்ளேயே முடியும். ஆனால் அது விடுதியையோ பெட்டியின் வகுப்பையோ பொறுத்ததல்ல, நீங்கள் தேர்ந்தெடுக்கும் தேதியைப் பொறுத்தது. எனவே முதலில் தேதியை முடிவு செய்துவிடுவோம்.

பெரும்பாலானோர் கிறிஸ்துமஸ் விடுமுறையையோ பொங்கல் விடுமுறையையோதான் குறிவைக்கிறார்கள். அந்த நாட்களில் ரயிலில் இடம் கிடைப்பது அரிது. விடுதி வாடகையும் ஒன்றுக்கு இரண்டாக ஏறிவிடுகிறது. டிசம்பருக்கு வேறொரு குறையும் உண்டு. வடகிழக்குப் பருவமழை அந்த மாதத்தில் முழுமையாக ஓய்ந்திருக்காது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரிந்து மலை ரயில் நின்றுபோவது ஏறக்குறைய ஆண்டுதோறும் நடப்பதுதான். சில ஆண்டுகளுக்கு முன் டிசம்பர் முதல் வாரத்தில் நான் மேட்டுப்பாளையத்தில் இறங்கியபோது, பாதையில் பாறை விழுந்துவிட்டதால் அன்றைக்கு வண்டி இல்லை என்று அறிவித்தார்கள். ஸ்வெட்டரும் தொப்பியும் போட்டுக்கொண்டு நடைமேடையில் ஆவலாகக் காத்திருந்த குழந்தைகளின் முகம் வாடியதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. ஆகவே உங்களுக்கு நான் சொல்வது பொங்கல் கழிந்த அடுத்த வாரம், அதிலும் வாரத்தின் நடுப்பகுதி. திங்கள் இரவு கிளம்பி, செவ்வாய், புதன் இரண்டு இரவுகள் ஊட்டியில் தங்கி, வியாழன் இரவு ரயிலேறி வெள்ளி காலை வீடு திரும்புவது எல்லா வகையிலும் பொருந்தும். மகளுக்குப் பள்ளியில் நான்கு நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும். அது முடியாது என்றால் குடியரசு தினத்தை ஒட்டிய நாட்களைத் தவிர்த்து, பிப்ரவரி முதல் வாரத்தைப் பாருங்கள். உறைபனி அப்போதும் ஓரளவு இருக்கும்.

அடுத்து ரயில். சென்னை சென்ட்ரலிலிருந்து இரவு ஒன்பது மணியளவில் புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ் மறுநாள் காலை ஆறேகால் மணி வாக்கில் மேட்டுப்பாளையத்தைச் சேர்கிறது. இரவு வண்டி என்பதால் போக ஒன்றும் வர ஒன்றுமாக இரண்டு இரவு அறை வாடகை மிச்சமாகிறது. ஸ்லீப்பர் கட்டணம் ஆளுக்கு 400 ரூபாய்க்கும் குறைவு, மூன்றடுக்கு ஏ.சி. பெட்டிக்கு ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆகும். அந்த வேறுபாடு நால்வருக்கு, இருவழிக்கும் சேர்த்தால், ஊட்டியில் இரண்டு இரவு தங்கும் செலவுக்கு ஏறக்குறைய ஈடாகிவிடும். மகளுக்கு ஐந்து வயது கடந்துவிட்டதால் தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம் செலுத்த வேண்டும். படுக்கை வேண்டாம் என்று பாதிக் கட்டணத்தில் எடுக்க வழியுண்டு. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையை ஒரே படுக்கையில் உங்களோடு நெருக்கிப் படுக்கவைத்தால் இருவருக்குமே தூக்கம் கெடும். அந்தச் சேமிப்பு வேண்டாம்.

ரயில்வே முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு அது 120 நாளாக இருந்தது. எடுத்துக்காட்டாக, ஜனவரி 19 அன்று புறப்பட வேண்டுமானால் நவம்பர் 20 காலை 8 மணிக்கும், 22 அன்று திரும்புவதற்கு நவம்பர் 23 காலை 8 மணிக்கும் ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் தயாராக இருக்க வேண்டும். உங்கள் கணக்கில் ஆதார் சரிபார்ப்பை அதற்குச் சில நாட்களுக்கு முன்பே முடித்துவிடுங்கள். முன்பதிவு திறக்கும் நாளில் அது இல்லாதவர்கள் உடனே பதிவு செய்ய முடிவதில்லை. பயணத்துக்கு முதல் நாள் தட்கலில் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். ஸ்லீப்பருக்குத் தட்கல் காலை 11 மணிக்குத் திறக்கிறது. நான்கு இடங்கள் ஒருசேரக் கிடைக்கும் என்று நம்பிக் குடும்பத்தோடு கிளம்ப முடியாது. காத்திருப்போர் பட்டியலிலேயே நின்றுவிட்ட சீட்டை வைத்துக்கொண்டு முன்பதிவுப் பெட்டியில் ஏறவும் அனுமதி இல்லை. நீலகிரியில் இடம் கிடைக்காவிட்டால், இரவு பத்து மணி வாக்கில் புறப்படும் சேரன் எக்ஸ்பிரஸில் கோவை வரை போய், அங்கிருந்து ஊட்டிப் பேருந்தைப் பிடிப்பது நல்ல மாற்று.

இனி உங்கள் மாமியார். மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச் மாதத்தோடு நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் கீழ்ப் படுக்கைக்கான ஒதுக்கீடு தொடர்கிறது. 60 வயதான ஆண்களும் 45 வயதான பெண்களும் அதைப் பெறலாம். இதில் பலரும் கவனிக்காத நிபந்தனை ஒன்று உண்டு. அந்தத் தகுதி உடையவர் தனியாகவோ, அதே தகுதி உடைய இன்னொருவரோடு மட்டுமோ ஒரே சீட்டில் இருந்தால்தான் இந்த ஒதுக்கீடு செல்லும். நால்வரையும் ஒரே சீட்டில் சேர்த்தால் கீழ்ப் படுக்கை கிடைப்பது அதிர்ஷ்டம்தான். ஆகவே மாமியாருக்கு அந்த ஒதுக்கீட்டில் தனிச் சீட்டும், மற்ற மூவருக்கு இன்னொரு சீட்டுமாக, ஒன்றன்பின் ஒன்றாக உடனடியாக எடுங்கள். அவருக்கு வேறு பெட்டி அமைந்துவிடக்கூடும் என்பது உண்மை. அப்படி நேர்ந்தால் உங்கள் பெட்டியில் கீழ்ப் படுக்கை வைத்திருக்கும் ஒருவரிடம் பணிவாகக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். தனியாகப் பயணம் செய்பவர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. மூட்டுவலியோடு நடுப் படுக்கைக்கு ஏறிப் பாதி இரவில் கழிப்பறைக்காக இறங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

இருக்கை எண்ணைப் பார்த்தே படுக்கையைக் கண்டுகொள்ளலாம். எட்டால் வகுத்து மீதி 1 அல்லது 4 வந்தால் கீழ், 2 அல்லது 5 வந்தால் நடு, 3 அல்லது 6 வந்தால் மேல், 7 வந்தால் பக்கவாட்டுக் கீழ், மீதி இல்லாவிட்டால் பக்கவாட்டு மேல். பெட்டியின் இரு முனைகளிலும் உள்ள எண்கள் கதவுக்கும் கழிப்பறைக்கும் அருகில் அமைவதால், குளிர்காலத்தில் அங்கே காற்றும் ஓசையும் அதிகம். ஸ்லீப்பர் கட்டணத்தில் போர்வையோ தலையணையோ அடங்காது. கண்ணாடிச் சன்னலை இறக்கினாலும் விளிம்பு வழியாகக் காற்று கசிந்துகொண்டே இருக்கும். விடியற்காலை நான்கு மணி வாக்கில் அந்தக் காற்று முழங்காலில் நேராகப் படும்போதுதான் சென்னைக்காரர்களுக்குக் குளிர் உறைக்கிறது. பழைய செய்தித்தாளை நீளமாக மடித்துச் சன்னலின் கீழ் விளிம்பில் செருகிவிடுங்கள். மாமியாரைச் சன்னல் பக்கம் கால் நீட்டாமல் நடைபாதைப் பக்கம் கால் வைத்துப் படுக்கச் சொல்லுங்கள். ஒரு கம்பளி, காலுறை, காதை மூடும் துணி, ஃபிளாஸ்க்கில் வெந்நீர், இவை இருந்தால் அவருக்கு அந்த இரவு சிரமமில்லாமல் கழியும்.

மலை ரயிலைப் பொறுத்தவரை, வழக்கமாகச் சொல்லப்படும் திட்டத்திலிருந்து நான் மாறுபடுகிறேன். எல்லோரும் காலை 7.10 மணிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே செல்லும் வண்டியைத்தான் தேடுகிறார்கள். அதில் இடம் கிடைப்பது கடினம். இரவு முழுவதும் பயணம் செய்த உடம்போடு 46 கிலோமீட்டரை ஏறக்குறைய ஐந்து மணி நேரம் உட்கார்ந்து கடக்க வேண்டும். பெட்டிக்குள் கழிப்பறையும் கிடையாது, நடுவே நிற்கும் நிலையங்களில்தான் இறங்க வேண்டும். 67 வயதில் அது பெருஞ்சோர்வு. ஆகவே ஏறும்போது பேருந்தில் போங்கள். மேட்டுப்பாளையத்தில் காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு அரசுப் பேருந்தில் ஏறினால், 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து குன்னூர் வழியாக இரண்டரை மணி நேரத்துக்குள் ஊட்டி வந்துவிடும். சொந்த வாகனத்திலோ வாடகைக் காரிலோ நீலகிரிக்குள் நுழைய 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். அரசுப் பேருந்துப் பயணிகளுக்கு அந்தக் கவலையும் இல்லை.

திரும்பும்போது, வியாழக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு ஊட்டியிலிருந்து புறப்படும் மலை ரயிலில் இறங்குங்கள். மாலை 5.35-க்கு மேட்டுப்பாளையம் வந்துவிடும். நீலகிரி எக்ஸ்பிரஸ் அங்கிருந்து இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் கிளம்புகிறது. இறக்கம் என்பதால் நேரம் குறைவு, மாமியார் இரண்டு நாள் ஓய்வெடுத்த உடம்போடு அமர்ந்திருப்பார், வண்டி ரத்தானாலும் பேருந்தில் இறங்கி ரயிலைப் பிடிக்கப் போதிய அவகாசம் இருக்கும். இரண்டாம் வகுப்புக் கட்டணம் ஆளுக்குச் சுமார் 300 ரூபாய். இணையத்தில் ஊட்டி என்று தேடாதீர்கள். நிலையத்தின் பெயர் உதகமண்டலம் என்றுதான் இருக்கும். 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் போடப்பட்ட இந்தப் பாதையில் 16 சுரங்கங்களும் 250 பாலங்களும் உள்ளன. யுனெஸ்கோ 2005-இல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. குன்னூருக்குக் கீழே தண்டவாளங்களின் நடுவில் பற்களோடு கூடிய சட்டம் ஒன்று ஓடுவதை மகளுக்குக் காட்டுங்கள். இன்ஜினின் பல்சக்கரம் அந்தப் பற்களைப் பிடித்துக்கொண்டுதான் 12 அடிக்கு ஒரு அடி என்ற சரிவில் ஏறவும் இறங்கவும் செய்கிறது. ஒருவேளை இந்த வண்டியிலும் இடம் கிடைக்காவிட்டால், ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையே நாள்தோறும் சில வண்டிகள் ஓடுகின்றன. லவ்டேல், கேத்தி, அரவங்காடு, வெலிங்டன் வழியாகச் செல்லும் அந்தக் குறும்பயணமே மாமியாரின் ஆசையை நிறைவேற்றிவிடும்.

உறைபனியைத் தேடி உயரமான இடத்துக்குப் போக வேண்டியதில்லை. பலரும் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவுக்கு வாடகைக் காரில் விடியலில் போய் ஏமாந்து திரும்புகிறார்கள். மேகமில்லாத, காற்றடிக்காத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவுகளில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. எனவே தாழ்வான புல்வெளிகளில்தான் உறைபனி படியும். தலைக்குந்தா, காந்தல், தாவரவியல் பூங்காப் புல்தரை, பேருந்து நிலையத்தை ஒட்டிய முன்னாள் குதிரைப் பந்தய மைதானம் ஆகியவை அத்தகைய இடங்கள். பேருந்து நிலையத்துக்கு அருகே அறை எடுத்தால் காலை ஆறரை மணிக்கு நடந்தே போய்ப் பார்த்துவிடலாம், செலவே இல்லை. புல்லின் ஒவ்வொரு நுனியிலும் உப்புத் தூவியது போல் வெண்மை படிந்திருக்கும். நிறுத்தி வைத்த ஸ்கூட்டரின் இருக்கையைச் சுரண்டினால் நகத்தில் பனித்தூள் ஒட்டும். வெயில் ஏறிய சிறிது நேரத்தில் எல்லாம் கரைந்துவிடும் என்பதால், மகளை எழுப்பச் சோம்பல் படாதீர்கள். மேகமூட்டமான இரவுக்கு மறுநாள் உறைபனி இருக்காது. இரண்டு இரவு தங்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

விடுதியில் வாடகையைக் கேட்பதற்கு முன், வெந்நீர் எந்த நேரத்தில் வரும், ஆளுக்கு எத்தனை கம்பளி தருவார்கள், அறை தரைத்தளத்தில் உண்டா என்று கேளுங்கள். வார நடுவில் நால்வருக்கான எளிய அறையை 2,500 ரூபாய்க்குள் பேசி முடிக்க முடியும். ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன்: எவ்வளவு குளிராக இருந்தாலும், யார் எடுத்துக் கொடுத்தாலும், கரி அடுப்பையோ விறகுத் தணலையோ மூடிய அறைக்குள் வைத்துத் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, கண்ணுக்கும் தெரியாது. நீலகிரியில் குளிர்காலத்தில் இப்படி உறக்கத்திலேயே உயிரிழந்தவர்கள் உண்டு. கூடுதல் கம்பளி கேட்டு வாங்குங்கள், காலருகே வெந்நீர்ப் பை வையுங்கள்.

கணக்கைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டுப் பார்த்தால், ஸ்லீப்பர் இருவழிக்கும் 3,200, மலை ரயில் 1,200, அறை 5,000, உணவு 3,500, பேருந்தும் ஆட்டோவும் 1,500, ஆக 14,400 ரூபாய் ஆகிறது. மீதி 1,600 நுழைவுச்சீட்டுகளுக்கும் எதிர்பாராத செலவுக்கும் போதும். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு ரயில் நேரங்களை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் தண்ணீர்ப் புட்டிகளையும் எடுத்துச் செல்லுங்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் புட்டிகளுக்குத் தடை இருக்கிறது, சோதனையும் செய்கிறார்கள். மாமியாரின் சீட்டு தனியானது என்பதால், அவருடைய அசல் ஆதார் அட்டையும், பெட்டி எண்ணும் படுக்கை எண்ணும் எழுதிய துண்டுச் சீட்டும், இரவு மாத்திரைகளும் உங்கள் பயணப் பையில் அல்ல, அவருடைய கைப்பையிலேயே இருக்கட்டும்.