கேவிட்டி சுவர்ல வர்ற கம்பிக்கு நடுவுல ஏன் முறுக்கு இருக்கு?

பிரிட்டன்ல வீடு கட்டுறத வீடியோல பாத்துட்டு கேட்டிருக்கீங்க, நல்ல கேள்வி. அங்க வெளிச்சுவர்னா உண்மையில ரெண்டு சுவர், வெளிய செங்கல், உள்ள பிளாக், நடுவுல குறைஞ்சது 50 மிமீ இடைவெளி, அதான் கேவிட்டி. மழை அடிச்சா செங்கல் தண்ணிய குடிக்கும், அந்த தண்ணி செங்கலோட உள்பக்கமா வழிஞ்சு கீழ இறங்கி, வெளிச்சுவரோட அடியில விடுற சின்ன ஓட்டை, அதாவது வீப் ஹோல் வழியா வெளிய போயிடும், உள்சுவருக்கு ஈரம் வராது.

ஆனா ரெண்டும் தனித்தனியா நின்னா காத்துக்கு ஆடுமே, அதுக்குதான் ரெண்டையும் இணைக்கிற இந்த கம்பி, பேரு வால் டை, பொதுவா சதுர மீட்டருக்கு 2.5 வீதம். இப்ப சிக்கல் என்னன்னா அந்த கம்பியே தண்ணிக்கு பாலமாயிடும்! அதுக்குதான் அந்த முறுக்கு, தண்ணி அங்க வந்ததும் நடுவுலயே சொட்டி விழுந்துடும். எவ்ளோ சிம்பிளான ஐடியா பாருங்க, எனக்கு ரொம்ப பிடிச்சது இதான்.

கொத்தனார் கலவைய அந்த கம்பி மேல சிந்திட்டா மட்டும் எல்லாம் வீண், ஈரம் நேரா உள்ள வந்துடும். கீழ விழுற கலவை வீப் ஹோல அடைக்காம இருக்க, இடைவெளியோட அடியில வைக்கிற பிளாஸ்டிக் வலை ஒண்ணும் பின்னாடி வந்துச்சு.

இன்னொண்ணு, பழைய ஜிங்க் பூசின கம்பிங்க நெனச்சத விட சீக்கிரம் துருப்பிடிச்சுது, 1981ல பூச்ச தடிமனாக்கினாங்க, இப்ப ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான்.