ரத்தமே இல்லாத படத்தில் வயிறு புரட்டுவது ஏன்?

பெரும்பாலும் ஓசைதான் காரணம், உங்கள் மனம் பலவீனமானது என்பதல்ல. அடிதடியே இல்லாத திரில்லரை இருபதாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டதாகச் சொன்னீர்கள். கூடவே, போன மாதம் வூஃபரோடு (தாழ்ந்த ஓசைக்கான தனி ஸ்பீக்கர்) டிவிக்கு ஒரு சவுண்ட்பார் வாங்கியதாகவும் எழுதியிருந்தீர்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம்.

இந்த வகைப் படங்கள் பலவற்றில் வசனத்துக்கு அடியில் ஒரு தாழ்ந்த இரைச்சலை விடாமல் ஓடவிடுவார்கள். டிவியின் சின்ன ஸ்பீக்கரில் அது சரியாக வராது. வூஃபரில் வரும், காதைவிட நெஞ்சில்தான் அதிகம் தெரியும். பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் பிளாட்டில் ஒரு ராத்திரி மேசைமேல் இருந்த தே ஓ (பால் விடாத தேநீர்) கிளாஸில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. திரையில் ஒரு பெண் சும்மா உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்!

1. வூஃபரைக் கழற்றிவிட்டு, நிறுத்திய இடத்துக்கு ஐந்து நிமிடம் முன்னாலிருந்து பாருங்கள்.

2. அப்புறம் அதே ஐந்து நிமிடத்தைச் சத்தமே இல்லாமல், சப்டைட்டிலோடு பாருங்கள். புரட்டல் குறைந்தால் ஓசைதான்.

எல்லாப் படமும் இதற்கு மசியாது. ஆஸ்திரிய இயக்குநர் ஹனகேயின் 'ஃபன்னி கேம்ஸ்' (1997) படத்தில் பின்னணி இசையே மிகக் குறைவு. ஒரு குடும்பத்தை வீட்டிலேயே பிடித்துவைக்கும் இரண்டு கொலைகாரர்களில் ஒருவனை அந்த வீட்டுப் பெண் சுட்டுவிடுவாள். நாம் அப்பாடா என்று மூச்சுவிடும்போது மற்றவன் ரிமோட்டை எடுத்துக் காட்சியையே பின்னோக்கி ஓட்டிவிடுவான். அந்த ஏமாற்றத்துக்கு எந்த வூஃபரைக் கழற்றுவது?

படம் பார்க்காத நாளிலும் படபடப்பு வந்தால் கிளினிக்கில் காட்டுங்கள். காட்சி உங்கள் வாழ்க்கையில் நடந்த எதையாவது கிளறினால், முடிக்காமலே விட்டுவிடுங்கள்.