இன்னும் ஒரே ஒரு கதை: தூங்க மாட்டேன் என்கிற பிள்ளைகள் பற்றிக் கேள்வி பதில்

நான் 27 வருடம் அங்கன்வாடி டீச்சர். மதியச் சாப்பாடு முடிந்ததும் இருபது பிள்ளைகளைப் பாயில் படுக்க வைப்பது தினசரி வேலை. மருத்துவர் இல்லை, மருத்துவரிடம் போக வேண்டிய இடத்தில் அதைச் சொல்லிவிடுவேன். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: டீச்சர், மகனுக்கு இரண்டரை வயது. ஒன்பது மணிக்குப் படுக்க வைத்தால் பதினொன்றரை வரை தண்ணீர், மூச்சா, இன்னொரு கதை என்று இழுக்கிறான். காலையில் எட்டு மணிக்கு எழுகிறான். மதியம் மூன்றரை முதல் ஆறு வரை தூக்கம்.

பதில்: முதலில் கூட்டிப் பாருங்கள். இரவு எட்டரை, மதியம் இரண்டரை, ஆக 11 மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு, ஒன்று, இரண்டு வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம். மூன்று, நான்கு வயதுக்கு 10 முதல் 13. உங்கள் பையன் பாஸ். தூக்கம் குறையவில்லை, இடம் மாறிக் கிடக்கிறது. ஆறு மணிக்கு எழுந்தவனை ஒன்பதுக்குப் படு என்றால் எங்கிருந்து வரும் தூக்கம்?

எந்தப் பிள்ளையையும் நம் இஷ்டத்துக்குத் தூங்க வைக்க முடியாது. எழுப்புவது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். எட்டை ஏழே முக்கால் ஆக்குங்கள், மூன்று நாள் கழித்து ஏழரை. அப்படியே ஏழுக்குக் கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம்தான். மதியத் தூக்கமும் இதே மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து ஒரு மணிக்கு வரட்டும், மூன்றுக்கு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். எழுப்பினால் சிணுங்குவான். மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுவான். அந்த நேரத்தில் நான் சத்துமாவு உருண்டையைக் காட்டுவேன், அது ஒரு தந்திரம்.

இது பழகும்வரை ஒன்பதுக்குப் படுக்க வைத்து மல்லுக்கட்டாதீர்கள். அவன் நிஜமாகத் தூங்குகிற நேரத்துக்குச் சற்று முன்னால், பதினொன்றுக்கே படுக்கட்டும். படுத்ததும் இருபது நிமிடத்துக்குள் தூங்க ஆரம்பித்தால், கால் மணி நேரம் முன்னால் நகர்த்துங்கள். பாயைப் பார்த்தாலே சண்டை என்று அவன் மனதில் பதிந்து போயிருக்கிறது, அது முதலில் போக வேண்டும். தண்ணீரையும் மூச்சாவையும் அவன் கேட்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். கதை இரண்டு என்றால் இரண்டுதான். மூன்றாவது கேட்டால் "நாளைக்கு" என்ற ஒரு வார்த்தை போதும். ஏன் என்று விளக்க ஆரம்பித்தீர்களோ, அதுவே மூன்றாவது கதை ஆகிவிடும்.

கேள்வி: அவர் கடையை மூடிவிட்டு வர ஒன்பதரை ஆகிறது. கண் சொக்கிக்கொண்டிருக்கிற மகள் வண்டிச் சத்தம் கேட்டதும் துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடுகிறாள். அப்புறம் பன்னிரண்டு மணிதான்.

பதில்: எங்கள் வீட்டுக் கதையும் இதுதான். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே என் மகன் "அப்பா" என்று எழுந்து உட்கார்ந்துவிடுவான். நாள் பூராவும் அப்பாவைப் பார்க்காத பிள்ளையிடம் பார்க்காமல் தூங்கு என்று சொல்ல எனக்கு மனம் வராது. சிக்கல் அவர் வருவதில் இல்லை. வந்ததும் ட்யூப் லைட்டைப் போட்டு, பிள்ளையைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பதில் இருக்கிறது. வந்ததும் கைகால் கழுவிவிட்டு, சின்ன விளக்கு வெளிச்சத்தில் அவரே பக்கத்தில் படுத்துக் கதை சொல்லட்டும். சாப்பாடு அதற்குப் பிறகு. என் வீட்டுக்காரர் முதல் வாரம் முறைத்தார். அப்புறம் பழகிவிட்டது, பல நாள் மகனுக்கு முன்னால் அவர் தூங்கிவிடுவார், நான்தான் தோசைக்கல்லை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். மகள் எட்டரைக்கே தூங்கிவிடுகிற பிள்ளை என்றால் காலையில் குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது எல்லாம் அப்பா பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாமியார் ஜாதிக்காயைப் பாலில் உரைத்துக் கொடுக்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா சளி சிரப் கொடு என்கிறார்.

பதில்: இரண்டும் வேண்டாம். ஜாதிக்காய் அளவு மீறினால் விஷம், உரைகல்லில் எத்தனை சுற்று என்பது ஓர் அளவே இல்லை. சிரப்பில் வரும் தூக்கம் மருந்தின் பக்க விளைவு; சில பிள்ளைகளுக்கு எதிர்மாறாகத் துள்ளல் கூடும். குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2023இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே சொல்லிவிட்டது. மாமியாரிடம் சண்டை வேண்டாம். லேசாக எண்ணெய் தொட்டுக் காலைப் பிடித்துவிடச் சொல்லுங்கள், அவர் கைக்கு அந்த வித்தை தெரியும்.

கேள்வி (ஒரு பாட்டி): பூச்சாண்டி வரான் என்றால் பேரன் கப்சிப் என்று படுத்துவிடுகிறான். மருமகள் கூடாது என்கிறாள். நீயே சொல்லும்மா.

பதில்: நான் மருமகள் கட்சிதான் அம்மா. கப்சிப் என்று கிடக்கிறானே தவிர, தூங்கவில்லை. அவன் நெஞ்சில் கை வைத்துப் பாருங்கள், அடித்துக்கொள்ளும். நாளைக்கு இருட்டில் அடுத்த அறைக்குப் போகவே பயப்படுவான். உங்களுக்குத் தெரிந்த தாலாட்டைப் பாடுங்கள். வரி மறந்திருந்தால் ராராரோ மட்டும் போதும்.

கேள்வி: போனில் பாட்டுப் போட்டால்தான் கண்ணை மூடுகிறான்.

பதில்: மூடுவதற்கு முன்னால் எவ்வளவு நேரம் திறந்திருந்தது? கண்ணில் வெளிச்சம் விழ விழ, தூக்கத்தை அழைத்து வரும் மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும். பாட்டு மட்டும் ஓடட்டும், போன் அலமாரி மேல் கவிழ்ந்து கிடக்கட்டும். ஹாலில் ஓடும் சீரியலுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: இரண்டேகால் வயதாகியும் தூளியில் ஆட்டினால்தான் தூக்கம். நான் இப்போது ஆறு மாதம். ராத்திரி மூன்று முறை எழுந்து ஆட்டுகிறேன்.

பதில்: இந்த உடம்போடு ஆட்டாதீர்கள் அம்மா. எல்லாப் பிள்ளைகளும் ராத்திரி நடுவே லேசாக விழிக்கும். தூங்கும்போது ஆடிய தூளி இப்போது நின்றிருப்பதைக் கண்டதும் அழும். முதல் வாரம் தூளியில் ஆட்டி, கண் செருகும்போது நிறுத்திவிடுங்கள். அடுத்த வாரம் அந்தத் தூளிச் சேலையையே பாயில் விரித்துப் பக்கத்தில் படுத்துத் தட்டிக்கொடுங்கள். வாசனை பழகியது என்பதால் பாதி வேலையை அந்தச் சேலையே செய்துவிடும். இப்போதே தொடங்குங்கள். பாப்பா வந்த வாரத்தில் மாற்றினால், என் தூளியைப் பிடுங்கிக்கொண்டது என்று பாப்பா மேல் வரும் கோபம்.

கேள்வி: மகள் தூங்கும்போது பின்பக்கம் சொறிந்துகொண்டே புரளுகிறாள். குறட்டையும் விடுகிறாள்.

பதில்: இது பிடிவாதம் இல்லை. சொறிவது பெரும்பாலும் கீரிப்பூச்சி, ராத்திரிதான் வெளியே வந்து அரிக்கும். அங்கன்வாடியில் வருடத்துக்கு இரண்டு தடவை பூச்சி மாத்திரை கொடுத்தார்களா என்று கேளுங்கள். வாயைத் திறந்துகொண்டு தினமும் குறட்டை விட்டால் அடினாய்டு, அதாவது மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை, வீங்கியிருக்கலாம். இரண்டுக்கும் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (ஒரு அப்பா): அழ விட்டால் தானாகத் தூங்கும் என்கிறார்களே? எங்களுக்கு ஒரே அறை, மேலே ஹவுஸ் ஓனர்.

பதில்: ஒரே அறையில் எங்கே போய் அழ விடுவீர்கள் தம்பி. நான் செய்வது வேறு. பக்கத்தில் உட்கார்ந்து, "சாதத்துக்குத் தண்ணி ஊத்திட்டு வரேன்" என்று எழுந்து போங்கள். அரை நிமிடத்தில், அவன் அழுவதற்கு முன்பே, திரும்பி வாருங்கள். சொன்ன மாதிரி வந்தீர்கள் என்பது அவனுக்குப் புரிய வேண்டும். மறுநாள் ஒரு நிமிடம், அப்புறம் இரண்டு. ஒரு நாள் நீங்கள் திரும்பி வரும்போது தூங்கியிருப்பான். எத்தனை நாள் என்று அடுத்து கேட்பீர்கள். எனக்குத் தெரிந்து இரண்டு மூன்று வாரம். நடுவில் காய்ச்சலோ ஊர்த் திருவிழாவோ வந்தால் மறுபடி அரை நிமிடத்திலிருந்து தொடங்குங்கள். நிஜமாகவே சாதத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வாருங்கள், வீட்டம்மாவுக்கு ஒரு வேலை மிச்சம்.