குதுப் மினார் வளாகத்தில் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் எதைப் பார்ப்பது?

மினாரைக் கடைசிக்கு வையுங்கள். 72.5 மீட்டர் உயரம். எங்கே நின்றாலும் கண்ணில் படும். மேலே ஏறவும் முடியாது. 1981 டிசம்பரில் படிக்கட்டு நெரிசலில் 45 பேர், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், இறந்தபின் பொதுமக்களை உள்ளே விடுவதில்லை.

முதல் ஒரு மணி நேரத்தை வளைவுகளுக்குக் கொடுங்கள். இரும்புத் தூண் நிற்கும் மசூதி முற்றத்தின் மேற்கே உயரமான கல்திரை ஒன்று இருக்கிறது. குத்புதீன் ஐபக் 1199இல் எழுப்பியது. அதன் நடு வளைவில் கல்லும் கல்லும் சேரும் கோடுகளைக் கவனியுங்கள். எல்லாமே படுக்கைவாட்டில் ஓடும். ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ் வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே நீண்டு, இரண்டு பக்கமும் உச்சியில் போய்ச் சேர்கின்றன. ஐபக் கேட்டது வளைவு. உள்ளூர்ச் சிற்பிகளின் கைக்குப் பழகியது இந்த அடுக்கு முறை. இதில் கற்கள் ஒன்றையொன்று நெருக்கித் தாங்குவதில்லை. அகலம் கூடக்கூட, நீண்டு நிற்கும் கல்லின் மேல் பாரம் ஏறி அது முறியும்.

அடுத்து வடமேற்கு மூலையில் ஐபக்குக்குப் பின் டெல்லியை ஆண்ட சுல்தான் இல்துமிஷின் கல்லறை, சுமார் 1235. சதுர அறையின் மூலைகளில் குறுக்கே சிறு வளைவு போட்டு, மேலே குவிமாடம் ஏற்ற வழி செய்திருக்கிறார்கள். இன்று அண்ணாந்தால் வானம்தான். குவிமாடம் இடிந்திருக்க வேண்டும் என்பதே பெரும்பாலோர் கருத்து. உள்சுவர்ச் செதுக்கு வேலைக்காகவே பத்து நிமிடம் நிற்கலாம்.

பிறகு தெற்கே அலாய் தர்வாசா என்ற நுழைவாயில் கட்டடம், 1311, அலாவுதீன் கில்ஜி காலம். வளைவில் ஒவ்வொரு கல்லும் ஆப்பு மாதிரி செதுக்கப்பட்டு, இணைப்புக் கோடுகள் மையத்தை நோக்கிச் சரிகின்றன. பாரம் கல்லுக்குக் கல் கைமாறித் தடித்த சுவரில் இறங்குகிறது. 700 ஆண்டு கழித்தும் குவிமாடம் அப்படியே நிற்பது இதனால்தான். வளாகத்தில் எனக்கு மிகப் பிடித்த கட்டடம் இதுவே.

இரும்புத் தூண் துருப்பிடிக்காததற்குக் காரணம் இரும்பில் மிகுந்திருக்கும் பாஸ்பரஸ். மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் உருவாக அதுவே உதவுகிறது. டெல்லியின் வறண்ட காற்றும் துணை. மண்ணுக்குள் புதைந்திருந்த பகுதியில் துரு ஏறத்தான் செய்தது. கட்டிப்பிடித்தால் நல்லது நடக்கும் என்று கூட்டம் தேய்த்ததால் 1997இல் வேலி போட்டார்கள்.

இனி மினார். முதல் தளத்தில் கூரிய பட்டையும் உருண்ட பட்டையும் மாறி மாறி வரும். இரண்டாவதில் உருண்டவை மட்டும், மூன்றாவதில் கூரியவை மட்டும். மேல் இரண்டு தளங்களில் வெள்ளைப் பளிங்கு தெரியும். 14ஆம் நூற்றாண்டில் மின்னல் தாக்கியபின் பிரோஸ் ஷா துக்ளக் செய்த வேலை அது. ஒரு சிறு பைனாகுலர் இருந்தால் முதல் மாடத்தின் அடியில் தேன்கூடு போன்ற செதுக்கலைத் தெளிவாகப் பார்க்கலாம்.

நேரம் மிஞ்சினால் பக்கத்தில் மெஹ்ரௌலி தொல்லியல் பூங்காவில் டெல்லி சுல்தான் பல்பனின் கல்லறைக்குப் போங்கள், நுழைவாயில் வேறு. 1280களைச் சேர்ந்த சிதைந்த கட்டடம்தான். ஆனால் ஆப்புக்கல் வைத்துக் கட்டி இந்தியாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய வளைவுகளில் ஒன்று அங்கேதான் இருக்கிறது.