பாட்டியின் முடக்குவாதமும் பேத்தியின் படிப்பும்

உங்கள் மகளுக்கு மதிப்பெண் அடிப்படையில் மருத்துவ இடம் கிடைக்கவில்லை. பெரியப்பாவும் மாமாவும் "வீட்டை அடமானம் வைத்தாவது டாக்டருக்குப் படிக்க வை" என்கிறார்கள். அவளோ முடக்குவாதத்தில் பாட்டியின் விரல் எலும்பு ஏன் அரித்துப்போகிறது என்று தேடித் தேடிப் படிக்கிறாள். உங்கள் பதற்றம் நியாயம்தான். ஆனால் ஆறுதல் சொல்லி அனுப்புவதில் பயனில்லை. வீட்டில் கை வைக்காதீர்கள். யோசனை சொல்லும் உறவினர் யாரும் தவணை கட்டப்போவதில்லை. அவள் கேட்கும் கேள்விக்குப் பதில் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது.

எலும்புக்கும் நோயெதிர்ப்பு மண்டலத்துக்கும் உள்ள உறவை ஆராயும் அந்தத் துறைக்கு எலும்பு நோயெதிர்ப்பியல் என்று பெயர். 2000-இல்தான் பெயரே சூட்டினார்கள். எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட், மோனோசைட் என்ற வெள்ளையணுவின் வழிவந்த செல். மூட்டில் அழற்சி மூண்டால் டிஎன்எஃப், ஐஎல்-1, ஐஎல்-6 ஆகிய அழற்சிப் புரதங்கள் பெருகி, சுற்றியுள்ள செல்களை ராங்க்-எல் என்ற சமிக்ஞைப் புரதத்தைத் தயாரிக்க வைக்கும். ராங்க்-எல், ஆஸ்டியோகிளாஸ்ட்டாக மாறவிருக்கும் முன்னோடிச் செல்லின் ஏற்பியில் ஒட்டியதும் ஐகப்பாபி என்ற தடைப்புரதம் சிதையும். அதுவரை கட்டுண்டு கிடந்த என்எஃப்-கப்பாபி என்ற புரதம் உட்கருவுக்குள் போய் ஜீன்களை முடுக்கும். பிறகு அதேபோல் ஜீன்களை முடுக்கும் சி-ஃபாஸ், அதையடுத்து என்ஃபாட்-சி1 ஆகிய புரதங்கள் வரும். இந்தக் கடைசி ஆள் தன் சொந்த ஜீனையே தூண்டித் தன்னைப் பெருக்கிக்கொள்வார். கேத்தெப்சின்-கே போன்ற எலும்பரிக்கும் நொதிகள் வருவது அதற்குப் பின்னால்தான். என்எஃப்-கப்பாபியின் இரண்டு துணை அலகுகளை நீக்கிய எலிகளில் ஆஸ்டியோகிளாஸ்ட்டே உருவாகாமல் எலும்பு இறுகிப்போனதை 1997-இல் கண்டார்கள். ராங்க்-எல்லை மறிக்கும் டெனோசுமாப் 2010-இல் எலும்புப்புரைக்கு மருந்தாக வந்தது.

வேலை எப்படியிருக்கும்? எலித் தொடையெலும்பின் மஜ்ஜையைக் கழுவியெடுத்து, எம்-சிஎஸ்எஃப் என்ற வளர்ச்சிப் புரதம் ஊட்டி இரண்டு மூன்று நாள் வளர்க்க வேண்டும். பிறகு மில்லிலிட்டருக்கு 50 முதல் 100 நானோகிராம் ராங்க்-எல். நான்கைந்து நாளில் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து ராட்சதமாகும். ஆஸ்டியோகிளாஸ்ட்டை அடையாளம் காட்டும் டிராப் சாயமேற்றி, சிவந்த செல்களில் 3 உட்கருவாவது இருப்பதை மட்டும் எண்ணுவார்கள். ஒரு நாள் தாமதித்தால் செத்து உதிர்ந்துவிடும். ஞாயிறும் போகத்தான் வேண்டும்.

தவறுவது பெரும்பாலும் நேரத்தில். ராங்க்-எல் கொடுத்து 15 நிமிடத்தில் ஐகப்பாபி குறையும். 60 நிமிடத்தில் திரும்ப ஏறிவிடும். ஒரு மணி நேர மாதிரியை மட்டும் எடுத்தவர் "ஒன்றும் நடக்கவில்லை" என்று எழுதிவைப்பார். 5, 15, 30, 60 என நான்கும் வேண்டும். இன்னொரு பொறி: வாங்கிய ராங்க்-எல் புரதத்தில் பாக்டீரிய நச்சு துளி கலந்திருந்தாலும், புதிய முன்னோடிச் செல்லில் அது ஆஸ்டியோகிளாஸ்ட் உருவாக்கத்தைத் தடுக்கும், ராங்க்-எல் ஏற்கெனவே பட்ட செல்லில் அதையே தூண்டும். ஒரே நச்சு, எதிரெதிர் விடை. இப்படிக் குழம்புவதில் ருசி காணும் பிள்ளைக்குத்தான் இந்தத் துறை.

இளநிலைக்கு உயிர்வேதியியலோ உயிர்தொழில்நுட்பமோ போதும். கல்லூரியின் பெயரைவிட, மாணவர்கள் தங்கள் கையால் செல் வளர்க்கிறார்களா என்று கேளுங்கள். கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்க்க விடும் இடம் வேண்டாம். புள்ளியியல் கட்டாயம்.

முனைவர் பட்டம் வரை பத்தாண்டு ஆகலாம். சம்பளம் தாமதமாகத்தான் வரும், இதை மறைக்க மாட்டேன். ஆனால் பல நாடுகளில் முனைவர் ஆய்வுக்கு உதவித்தொகை உண்டு. அது இல்லாத இடத்தில் அவளைச் சேர்க்காதீர்கள், எவ்வளவு புகழ்பெற்ற நிறுவனமானாலும் சரி.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை. நுண் தராசு உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் அனுமதி கேட்டு, 100 மைக்ரோலிட்டர் தண்ணீரைப் பிப்பெட் என்ற அளவுக் குழாயில் பத்து முறை எடுத்து எடை போடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 மில்லிகிராம் இருக்க வேண்டும். எடைகள் சிதறினால் கவலையில்லை, கை பழகிவிடும். ஏன் சிதறின என்று அவளே மறுபடி எடுத்துப் பார்க்கிறாளா என்பதை மட்டும் கவனியுங்கள். பெரியப்பாவிடம் பேசுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.