ஒய்யும் இசட்டும் இடம் மாறிய ஊர்

தம்பி, அடுத்த மாதம் மனைவியோடு ஜெர்மனிக்கு, டூசல்டோர்ஃப் நகருக்கு வருகிறீர்கள். வீட்டுக்கென்று ஒரு லேப்டாப் வேண்டும், சென்னையிலேயே வாங்கி வரலாமா, இங்கே வந்து வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே குளிர்கோட்டு, இன்சூரன்ஸ், குக்கர் என்று நாலைந்து கேள்விகள். கோட்டு இங்கே வாங்கிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸை உங்கள் ஆபீசில் கேளுங்கள், அது அவர்கள் வேலை. லேப்டாப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நான் நன்றாக அடிபட்டவன்.

2007 அக்டோபரில் டோர்ட்முண்டுக்குப் படிக்க வந்தேன். கையில் லேப்டாப் கிடையாது. ரயில் நிலையத்துக்கு வடக்கே ஒரு கால் ஷாப். போன் பேசலாம், நெட் பார்க்கலாம், மணிக்கு ஒரு யூரோ. வந்து சேர்ந்துவிட்டேன் என்று அண்ணனுக்கு மெயில் போட உட்கார்ந்தேன். மெயில் முகவரியில் வரும் ‘அட்’ குறி வரவே மாட்டேன் என்கிறது. நம் ஊரில் 2-க்கு மேலே இருக்குமே, அங்கே அமுக்கினால் மேற்கோள் குறி விழுகிறது. கடைசியில் வேறொரு பக்கத்திலிருந்து அதை காப்பி எடுத்து ஒட்டினேன். அடுத்தது பாஸ்வேர்டு. என் பாஸ்வேர்டில் ‘மயில்’ உண்டு. திரையில் வெறும் புள்ளிகள்தான் தெரிகின்றன. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை, தப்பு தப்பு என்கிறது. மூலையில் கடைக்காரர் வைத்த கடிகாரம் காசை எண்ணிக்கொண்டிருக்கிறது. வெளியே ஐந்து டிகிரி, எனக்கு வேர்க்கிறது.

கடைக்காரர் யாழ்ப்பாணத்து அண்ணை, எண்பதுகளில் வந்தவர். எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, ஒய்யும் இசட்டும் இஞ்ச இடம் மாறிக் கிடக்கு, வடிவாப் பாருங்கோ” என்றார். அவ்வளவு நேரமும் நான் மயிலுக்கு இசட் போட்டுக்கொண்டிருந்தேன். ‘அட்’ குறி கியூ கட்டையின் ஓரத்தில், வலப்பக்கம் இருக்கும் ஆல்ட் ஜிஆர் கட்டையோடு சேர்த்து அமுக்க வேண்டும் என்பதையும் அவர்தான் காட்டினார். அந்த அரை மணிக்குக் காசு வாங்கவில்லை, ஒரு தேநீர் வேறு கொடுத்தார்.

அதனால்தான் சொல்கிறேன், இங்கே வந்து ஜெர்மன் கீபோர்டு உள்ள லேப்டாப்பாக வாங்குங்கள். இங்கிலீஷ் கீபோர்டு போதும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள் நம்மவர்களில் நிறைய. பத்து வருடம் ஆகியும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இரண்டு விரலால் தேடிக்கொண்டிருப்பார்கள். உங்கள் மனைவி ஜெர்மன் வகுப்புக்குப் போவார் என்றீர்கள். ஜெர்மனில் தலைக்கு மேல் இரண்டு புள்ளி வைத்த யு, ஓ, ஏ எழுத்துகள் உண்டு, அவற்றை நாளெல்லாம் அடிக்க வேண்டியவர் அவர். தமிழுக்கு என்ன செய்வது என்று கவலை வேண்டாம். நான் தமிழ் அடிக்கும் தமிழ்99 கீபோர்டு முறையில் எழுத்து கட்டையின் இடத்தைப் பொறுத்தது, அதன்மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. இரண்டு புள்ளி வைத்த ‘யு’வில் எனக்கு ‘ச’ விழுகிறது, புள்ளி வைத்த ‘ஓ’வில் ‘ந’, புள்ளி வைத்த ‘ஏ’யில் ‘ய’. இப்போது தென்காசிக்குப் போய் அண்ணன் லேப்டாப்பில் உட்கார்ந்தால்தான் என் விரல் தடுமாறுகிறது. அதில் கொஞ்சம் பெருமைதான் எனக்கு, மறைப்பானேன்.

என் முதல் லேப்டாப் கதையையும் கேளுங்கள். 2008 ஜனவரியில் தபால் பெட்டியில் விழுந்த விளம்பரத் தாளைப் பார்த்து ஒரு பெரிய கடையில் 449 யூரோவுக்கு வாங்கினேன். விண்டோஸ் விஸ்டா, ஒரு ஜிபி ரேம். ஆன் பண்ணிவிட்டு டீ போட்டுக் குடித்து டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு மெனு முழுக்க ஜெர்மன், அந்த விஸ்டாவில் மொழியை மாற்றவும் முடியாது. ‘சிஸ்டம்ஸ்டாயருங்’ என்பதுதான் நான் அகராதி இல்லாமல் கற்ற முதல் நீள வார்த்தை. கன்ட்ரோல் பேனல் என்று அர்த்தம்.

ஐந்தாம் நாள் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். இந்த நாட்டில் எதையும் திருப்பிக் கொடுக்கலாம் என்று சீனியர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். கவுண்டரில் இருந்தவர் கிழிந்த டேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முடியாது என்றார். பாதி ஜெர்மனில் சண்டை போட்டுப் பார்த்தேன். பின்னாலிருந்த வரிசை என்னை முறைத்தது. பிறகுதான் தெரிந்தது, சட்டப்படி அவர் சொன்னது சரி. கடையில் போய் வாங்கிய சரக்கில் பழுது இல்லையென்றால் திருப்பி வாங்க வேண்டும் என்று சட்டமில்லை. வாங்கிக்கொண்டால் அது அவர்கள் பெருந்தன்மை, ‘குலான்ஸ்’ என்பார்கள். ஆன்லைனில் வாங்கினால், காரணம் சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்பும் உரிமை உங்களுக்கு உண்டு. அதனால் கடையில் போய்க் கட்டைகளைத் தட்டிப் பாருங்கள், திரையைச் சாய்த்துப் பாருங்கள், வீட்டுக்கு வந்து ஆன்லைனில் ஆர்டர் போடுங்கள்.

பழுது என்றால் கதை வேறு. புதுச் சரக்குக்கு விற்றவரே இரண்டு வருடம் பொறுப்பு. முதல் 12 மாதத்தில் பழுது தெரிந்தால், கொடுக்கும்போது நன்றாகத்தான் இருந்தது என்று நிரூபிப்பது அவர் பாடு. 2022-க்கு முன் இது ஆறு மாதமாக இருந்தது. “கம்பெனிக்கு எழுதுங்கள்” என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். நகராதீர்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள், பில் தாளில் மை மங்கிப் போகும்.

இந்தியாவிலிருந்து வருகிற ஒவ்வொருவர் தலையிலும் ஒரு லேப்டாப்பைக் கட்டி அனுப்பச் சொல்கிற கூட்டம் ஒன்று இங்கே இருக்கிறது. நாலாயிரம் ரூபாய் மிச்சம் என்பார்கள். விமானத்தில் வருகிறவர் 430 யூரோவுக்கு மேல் புதுச் சரக்கு கொண்டுவந்தால் வரி கட்ட வேண்டும், மாட்டினால் சுமந்து வந்தவர்தான் நிற்க வேண்டும். இந்திய வாரண்டி பல மாடல்களுக்கு இங்கே செல்லாது. இதையெல்லாம் சொன்னால் நம்மைக் கஞ்சன் மாதிரி பார்ப்பார்கள், கேட்டது என்னவோ அவர்கள். நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்துகிற பழைய லேப்டாப்பைக் கொண்டுவருவதில் பிரச்சினை இல்லை. அதன் மூன்று பின் பிளக் மட்டும் இங்கத்திய சுவரில் ஏறாது. சார்ஜரை மாற்ற வேண்டாம், 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று அதிலேயே எழுதியிருக்கும். சுவருக்கும் சார்ஜர் பெட்டிக்கும் நடுவே இருக்கும் ஒயரை மட்டும் இங்கே வாங்கிச் செருகுங்கள், சில யூரோதான்.

எதிர்க் கோஷ்டியும் உண்டு. முதல் சம்பளம் வந்ததும் இரண்டாயிரம் யூரோவுக்கு வாங்கி, அதில் ஞாயிறு தோறும் அம்மாவோடு வீடியோ கால் மட்டும் பேசுகிறவர்கள். பேங்க், சினிமா, வகுப்பு, வீடியோ கால் இதுதானே உங்கள் தேவை? 16 ஜிபி ரேம், சேமிப்புக்கு 512 ஜிபி எஸ்எஸ்டி, முழு எச்டி திரை, போதும். 64 அல்லது 128 ஜிபி இஎம்எம்சி (மெதுவான சேமிப்பு வகை) என்று போட்டு மலிவாக வருவதைத் தொடாதீர்கள், அது என் விஸ்டாவின் பேரப்பிள்ளை. ரேம் பல மாடல்களில் போர்டிலேயே பற்றவைத்து வருகிறது, பிறகு கூட்ட முடியாது.

நானாக இருந்தால் கம்பெனிகள் லீசுக்கு எடுத்துத் திருப்பிக் கொடுத்த லெனோவோ திங்க்பேட் அல்லது டெல் லேட்டிட்யூட் லேப்டாப் ஒன்றைக் கடைக்காரரிடம் வாங்குவேன். பழசுக்கும் அவர் குறைந்தது ஒரு வருடம் பொறுப்பு. தனி ஆளிடம் வாங்கினால் பெரும்பாலும் அதுவும் கிடையாது. இன்டெல் சிப் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது, விண்டோஸ் 11 ஏறாத ஏழாம் தலைமுறைச் சரக்கையெல்லாம் இப்போது மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள். 2023-ல் 340 யூரோவுக்கு வாங்கிய திங்க்பேடில்தான் இதை அடித்துக்கொண்டிருக்கிறேன். மூடியில் பழைய கம்பெனியின் ஸ்டிக்கர் உரித்த தடம் இருக்கிறது, மகள் அதன்மேல் ஒரு பூனையை ஒட்டிவிட்டாள்.

அந்தக் கால் ஷாப் இப்போது இல்லை, அந்த இடத்தில் முடிவெட்டும் கடை. அண்ணையைக் கடைசியாகப் பார்த்தது ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேருக்கு. “இப்பவாவது மயில் சரியா அடிக்கிறியளோ?” என்று கேட்டார். பாஸ்வேர்டை எப்போதோ மாற்றிவிட்டேன் என்றேன்.

குக்கரை விட்டுவிட்டேனே. இன்டக்‌ஷன் அடுப்பு இருக்கும் வீடாக அமைந்தால் அலுமினியக் குக்கர் சூடே ஏறாது, அதனால் அந்த அடுப்புக்கு ஏற்ற ஸ்டீல் குக்கராகக் கொண்டுவாருங்கள். கேஸ்கட் இரண்டு கூடுதலாக வையுங்கள்.