எண்ணிக்கை சரி, ஆனால் ஒரு குழந்தை வெளியே நின்றுவிட்டது: பதில்

வணக்கம். 14 குழந்தைகள், ஆசிரியர்கள் இருவர். திடலிலிருந்து உள்ளே வரும்போது எண்ணியும் ஒரு பிள்ளை சறுக்குமரத்தடியிலேயே நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களையே நொந்துகொள்ளாதீர்கள், ஓட்டை எண்ணும் முறையில் இருக்கிறது.

நகரும் வரிசையை எண்ணினால், முன்னே ஓடித் திரும்பி வரும் பிள்ளை இரண்டு முறை கணக்கில் விழும். தொகை சரியாக வரும், ஆள் குறையும். வரிசையை நிறுத்துங்கள். பட்டியலைக் கையில் வைத்து, பெயர் சொல்லி, முகத்தைப் பார்த்து டிக் போடுங்கள். கிளம்பும் முன் ஒருமுறை, கதவைத் தாண்டியதும் ஒருமுறை. ஒருவர் முன்னால் போக, கடைசியில் வருபவர் சறுக்குமரத்தின் அடி, விளையாட்டுக் குழாயின் உள்பக்கம், வேலியோரம் எல்லாவற்றையும் குனிந்து பார்த்த பிறகே கதவைச் சாத்த வேண்டும்.

பாதியில் வீட்டுக்கு அழைத்துச் செல்லப்படும் பிள்ளையின் பெயரை அந்த நிமிடமே பட்டியலில் அடித்துவிடுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

கழிப்பறைக்கு ஒரு பிள்ளையைக் கூட்டிப் போகிறவர், “உங்களிடம் 13 பேர்” என்று வாய்விட்டுச் சொல்லட்டும். மற்றவர் “13” என்று திருப்பிச் சொல்லும்வரை நகரக் கூடாது. தலையாட்டல் போதவே போதாது. அறைக்குள் சுவரோரமாக, முதுகு சுவரின் பக்கம் இருக்கும்படி உட்காருங்கள். பார்வையை மறைக்கும் உயர அலமாரிகள் நடுவில் வேண்டாம்.

ஆள் குறைந்தால் ஒருவர் குழந்தைகளோடு இருக்க, மற்றவர் உடனே தேட வேண்டும்: முதலில் தண்ணீர் உள்ள இடம், அடுத்து வாசல்.